தேனீயின் குடலில் ஹார்மோன் செல்கள்

கேள்வி: எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் அப்பா தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார். விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கும் நான், அவற்றிலிருந்து எடுத்த வேலைக்காரத் தேனீயின் நடுக்குடலை மைக்ரோடோமில் சீவி, ஹிமாடாக்சிலின், இயோசின் சாயமிட்டுக் கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்தேன். குடல் சுவரில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் உண்டென்று படித்திருந்தும், ஒன்றைக்கூட அடையாளம் காண முடியவில்லை. அவை எப்படி இருக்கும்? நாளமே இல்லாமல் ஹார்மோன் எவ்வழியே வெளியேறுகிறது?
வாசகி, குலசேகரம்

பதில்: நீங்கள் பார்த்த சீவல்களில் அந்தச் செல்கள் இருந்திருக்கக்கூடும், சாயம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை. நடுக்குடல் சுவரின் பெரும்பகுதியை நெடிதுயர்ந்த செரிமானச் செல்களே பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் அடியில் கொத்துக்கொத்தாகக் காணப்படும் சிறு செல்கள், தேய்ந்து உதிர்பவற்றுக்கு ஈடாகப் புதிய செல்களை உருவாக்குபவை. இவ்விரு வகைகளுக்கும் இடையே தனித்தனியாகச் சிதறியிருப்பவையே ஹார்மோன் செல்கள். இவற்றுள் சில, ஒடுங்கிய கழுத்துப்போன்ற நீட்சியால் குடலின் உட்குழிவரை எட்டி, அங்கே நுண்விரலிகளை நீட்டியிருக்கும். உணவின் தன்மையை இவை உணர்வதாகக் கருதப்படுகிறது. மற்றவை உட்குழியைத் தொடாமல் அடித்தளத்திலேயே அமர்ந்திருப்பதால், புதுப்பிக்கும் செல்களென்று எளிதில் தவறாக எண்ணப்படும்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் இவற்றின் உண்மையான அடையாளம் புலப்படுகிறது. வெளிறிய சைட்டோபிளாசத்தில், ஒவ்வொன்றும் தனிச் சவ்வால் சூழப்பட்ட கரிய, உருண்டையான துகள்கள் நிறைந்திருக்கும். செல்லின் பொதியிடமான கோல்கை உறுப்பில் பொதியப்பட்ட பெப்டைடு (குறும் புரதச் சங்கிலி) ஹார்மோன்களே அவை. சாதாரண நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது என்பதால், இத்தகைய நுண்துகள்களை அதில் தேடுவது வீண்.

துகள்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதே எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. செரிமானச் செல்கள் தம் நொதிகளை மேற்புறமாக உட்குழிக்குள் விடுகின்றன. ஹார்மோன் செல்களிலோ துகள்கள் பெரும்பாலும் அடிப்புறத்தில் திரண்டிருக்கும். உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடையும் இதிலேயே இருக்கிறது: தேனீயின் உடலில் நம்முடையதைப்போல் இரத்தக் குழாய்வலை கிடையாது, குடலே ஹீமோலிம்ஃப் என்னும் உடல்திரவத்தில் மூழ்கியிருக்கிறது. அடிப்புறச் சவ்வோடு துகளின் சவ்வு இணைந்து திறந்துகொண்டதும் ஹார்மோன் அத்திரவத்தில் கலந்துவிடுகிறது. பக்கத்துச் செல்களையும் குடல் தசையையும் நேரடியாகவே அடையவும் கூடும். குறிப்பிட்ட பெப்டைடைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகளைக் கொண்டு சாயமிட்டால், இச்செல்களைச் சாதாரண நுண்ணோக்கியிலும் காணலாம்.

அடுத்த முறை, குஞ்சு அடைகளில் பணியிலிருக்கும் இளந்தேனீக்களை எடுங்கள். ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் மதுரசத்தின் பெரும்பகுதி தேன்பையோடு நின்று பெட்டிக்குத் திரும்பிவிடும்; மகரந்தத்தை மிகுதியாக உண்டு செரிப்பவை இந்தச் செவிலித் தேனீக்களே. பெட்டி வாசலில் இறந்து கிடப்பவை உதவா, ஏனெனில் இறந்த சிறிது நேரத்திலேயே குடலின் சொந்த நொதிகள் அதன் சுவரைச் சிதைக்கத் தொடங்கிவிடும். குளிரூட்டி அசைவிழக்கச் செய்த தேனீயிலிருந்து குடலைப் பிரித்தவுடன், திசுவைச் சிதையாமல் காக்கும் ஃபார்மலினில் போடுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு அனுப்புவதென்றால் அதற்குப் பதில் குளுட்டரால்டிஹைடு வேண்டும்.