“எப்ப வேணாலும் வாங்க”ன்னு சொல்லியும் யாரும் வரலையே!

கேள்வி: சென்னைக் கல்லூரி ஒன்றில் வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியை நான். “பாடத்தைத் தாண்டி எது பேசணும்னாலும் வாங்க” என்று ஒவ்வொரு செமஸ்டரும் சொல்கிறேன். மூன்றரைக்கு வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் ஸ்டாஃப் ரூமில் காத்திருக்கிறேன். ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இவர்களுக்கு ஆசிரியரே தேவையில்லையோ?

பதில்: அன்புத் தோழி, நிச்சயம் தேவை. நீங்கள் காத்திருக்கும் நேரமும் இடமும்தான் அவர்களுக்குத் தோதாக இல்லை.

மணி அடித்ததும் உங்கள் பிள்ளைகள் எங்கே ஓடுகிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் உண்டு. கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். மேலே என்ன படிக்கலாம், எந்த ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போடலாம் என்று கேட்க அவர்களுக்கு வீட்டில் ஆளில்லை. உங்களை விட்டால் யார்?

அடுத்து, ஸ்டாஃப் ரூம். அட்டெண்டன்ஸ் குறைந்தால் நிற்க வைக்கிற இடம், மன்னிப்புக் கடிதம் கொடுக்கிற இடம் என்றுதான் அவர்களுக்கு அதைத் தெரியும். வாசலில் ஒருத்தி வந்து நின்றாலே எட்டு மேஜையிலிருந்தும் தலை நிமிரும். “இங்கிலீஷ்ல எழுத வரல மேடம்” என்று அத்தனை பேர் காதுபட எந்தப் பெண் சொல்வாள்?

நான் படித்தபோது எங்கள் பேராசிரியர் ஒரு சனிக்கிழமை ஐந்து பேரை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குக் கூட்டிப் போனார். 1896-ல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று என்றெல்லாம் சொன்னார். சும்மா தலையாட்டினோம். வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது, “என்னோட முதல் கட்டுரையை எங்க சார் மூணு தடவை திருப்பிக் கொடுத்தார்” என்றார், கிளாஸை ஆற்றிக்கொண்டே. வகுப்பில் வாயே திறக்காத என் தோழி அப்போதுதான் கேட்டாள்: “எம்.ஏ. சேரணும்னு வீட்ல எப்படி சார் சொல்றது?” இன்று அவளும் ஆசிரியை.

பொதுவாக “வாங்க” என்றால், அது யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தனியாக வேண்டாம், நாலைந்து பேராக. வருவதற்கும் இன்டர்னல் மார்க்குக்கும் சம்பந்தமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பயம் நாம் நினைப்பதைவிடப் பெரிது. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குச் சேர்ந்து போகலாம். அதுவரை, வாரம் ஒருநாள் மதிய இடைவேளையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர்கள் சாப்பிடும் மரத்தடிக்கு நீங்களே போங்கள். முதல் வாரம் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். உட்காரச் சொல்லிவிட்டு, என்ன குழம்பு என்று கேளுங்கள்.