குரக்கன் தின்றவரும் சோறு தின்றவரும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பழைய எலும்பையும் பல்லையும் வைத்து அந்த ஆள் என்ன சாப்பிட்டார் என்று கண்டுபிடிக்கலாம் என்று போன கிழமை சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கொட்டாஞ்சேனை: சமதானி என்றால் கதிர்வீச்சுத்தானே அக்கா, எலும்பைத் தொடுவது ஆபத்தில்லையா?

இல்லை தம்பி. சமதானி என்றால் ஒரே மூலகத்தின் எடை மாறுபட்ட அணுக்கள், எல்லாம் கதிர்வீசாது. கதிர்வீசுவது காபன் 14. அது வயது பார்க்க. சாப்பாடு பார்க்க எடுப்பது காபன் 12, 13. இரண்டும் சிதையாமல் அப்படியே கிடப்பவை. உங்கள் மத்தியானச் சோற்றிலுள்ள காபனிலும் நூற்றில் ஒரு பங்கு 13தான்.

வெள்ளவத்தை: அதில் சாப்பாடு எப்படித் தெரியும்?

நெல், கோதுமை, பருப்பு, மரங்கள் எல்லாம் காற்றிலிருந்து காபனை எடுக்கும்போது பாரமான 13ஐப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். குரக்கன், சோளம், கரும்பு, நம் பக்கத்துப் புல் வகைகள் அவ்வளவு ஒதுக்காது. ஒரு பொது அளவுகோலைவிட 13 ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு என்று அளந்தால் முதல் கூட்டம் −27 அளவில் நிற்கும், இரண்டாவது −12 பக்கம். தின்றவரின் எலும்புப் புரதமான கொலாஜனில் இது சுமார் 5 கூடிப் பதியும். ஆக சோற்றுக்காரர் −22, குரக்கன்காரர் −7 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 1977இல் வோகல், வான் டெர் மெர்வே என்ற ஆய்வாளர்கள் நியூயார்க் மாநிலத்துப் பழங்குடிகள் சோளத்துக்கு மாறியதை எலும்பிலேயே காட்டினார்கள்.

கித்துள் பாணியில் சீனி கலந்திருக்கிறதா என்றும் இதே முறையில் பிடிக்கலாம். கித்துள் முதல் கூட்டம், கரும்புச் சீனி இரண்டாவது. விலையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், அது வேறு கதை.

தெஹிவளை: எங்கள் முன்னோர் சைவமா என்று பார்க்கலாமா, மிஸ்?

அதிகம் பேர் கேட்டது இதுதான். நைதரசன் 15 என்று பாரமான சமதானி ஒன்று இருக்கிறது, அதையும் ஆயிரத்துக்கு எவ்வளவு என்றுதான் அளப்போம். புல்லைவிட மாட்டில், மாட்டைவிடப் புலியில் என்று படிக்குப் படி 3 முதல் 5 வரை ஏறும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை தாயைவிட மேலே நிற்கும், பால் மறந்ததும் இறங்கும். சரி, அப்படியானால் சைவம் தெரியவேண்டுமே என்றால், தயிரும் நெய்யும் குறுக்கே வருகின்றன. பசுவின் பாலும் பசுவின் இறைச்சியும் நைதரசனில் ஏறத்தாழ ஒரே படி. தயிர்ச்சோறு சாப்பிட்டவரையும் இறைச்சிக் கறி சாப்பிட்டவரையும் இந்த முறை பிரித்துச் சொல்லாது. போதாக்குறைக்கு, வயலுக்கு மாட்டெரு போட்டால் தானியத்திலேயே நைதரசன் ஏறிவிடும். அதனால் அதே இடத்து, அதே காலத்து விலங்கெலும்பு பக்கத்தில் இல்லாமல் ஒரு மனித எலும்பை மட்டும் கையில் கொடுத்தால் நான் வாய் திறக்கமாட்டேன். மீன் நிறையச் சாப்பிட்டவர் என்றால் பிரச்சினை குறைவு, கடல் மீன் நைதரசனை நன்றாகவே உயர்த்திவிடும்.

பம்பலப்பிட்டி: சோறா பாணா?

தெரியாது. இரண்டும் ஒரே கூட்டம்.

மருதானை: எலும்பை என்ன செய்வீர்கள்?

ஒரு கிராமுக்குள்தான் எடுப்போம். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் நாட்கணக்கில் ஊறவிடுவோம். கனிமம் கரைந்து போக, எலும்பின் வடிவம் மட்டும் ரப்பர் மாதிரி வளைந்துகொண்டு நிற்கும். முதல் தடவை பார்த்தபோது இடுக்கியால் குத்திக் குத்திப் பார்த்தேன். பிறகு சூடாக்கிக் கரைத்து, வடித்து, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைப் பஞ்சு போலக் கொலாஜன் வரும். அதில் அரை மில்லிகிராமைத் தகரக் குப்பிக்குள் வைத்து எரித்துத் திணிவு நிறமாலைமானிக்கு (எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அனுப்புவோம். காபனுக்கும் நைதரசனுக்கும் உள்ள விகிதம் 2.9க்கும் 3.6க்கும் நடுவில் இல்லையென்றால் கொலாஜன் கெட்டுவிட்டது, அந்த முடிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கல்கிசை: இலங்கையில் செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள், ஆனால் பல்லில். நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கொலாஜன் தாங்காது. பல் எனாமல் தாங்கும், சிறுவயதில் உருவானபின் மாறவும் மாறாது. பட்டதொம்பலென, பாஹியன்கல குகைகள் போன்ற இடங்களில் கிடைத்த 26 பேரின் பற்களைப் பார்த்த ஆய்வு 2015இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. அதில் மிகப் பழையவர்கள் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். ஏறக்குறைய எல்லோரும் மழைக்காட்டுச் சாப்பாட்டுக்காரர்கள். அடர்ந்த காட்டு நிழலில் வளரும் இலைகளில் காபன் 13 இன்னும் குறைவு, அது விலங்கு வழியாக மனிதப் பல்லுக்கும் வந்துசேரும். திறந்த புல்வெளிச் சாப்பாடு தெளிவாகத் தெரிந்தது இரண்டே பேரில். அவர்களும் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தியவர்கள், விவசாயம் தலைகாட்டிய காலம். மழைக்காட்டில் வேட்டையாடி மனிதன் பிழைக்கமுடியாது என்று அதுவரை அடித்துச் சொன்னவர்கள் இருந்தார்கள்.

வெள்ளவத்தை, மறுபடியும்: என் தலைமயிரில் பார்க்கலாமா?

தாராளமாக. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும், அடியிலிருந்து நுனிவரை வெட்டி அளந்தால் மாதவாரியாக வரும். ஒன்று மட்டும்: ப்ரொய்லர் கோழியின் தீனியில் பெரும்பங்கு சோளம். கடல் மீனிலும் காபன் 13 சற்று அதிகம். அதனால் கோழிப் பிரியரும் சூரை மீன் பிரியரும் காபனில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். நைதரசனையும் சேர்த்துப் பார்த்தால் மீன்காரர் மேலே போய்விடுவார்.