செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளை ஆராயும் தொண்டு அமைப்புக்குப் பணம் கொடுக்க நினைக்கிறேன். அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 22 வருடமாக டிரஸ்ட் கணக்குகள் பார்க்கிறேன். இதே கேள்வியோடுதான் போன பொங்கலுக்கு என் தம்பி மகன் வந்தான். பெங்களூரில் மென்பொருள் வேலை. ஒரு அமெரிக்க அமைப்புக்கு மாதாமாதம் பணம் அனுப்ப முடிவு செய்திருந்தான்.

"அவங்க ரிப்போர்ட் ரொம்ப நல்லாருக்கு பெரியப்பா."

"ரிப்போர்ட்டப் பாத்த, சரி. கணக்கப் பாத்தியாலே?"

பார்க்கவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. கொடை முடிந்து எட்டாம் நாள் பூஜையன்று வரவு செலவை ஊர்க்கூட்டத்தில் வாசிப்பார்கள். பந்தல், வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், பூ, கரண்டுக்காரருக்குக் கொடுத்தது எல்லாம் வரும். "மேளத்துக்குப் போன வருசத்தைவிட நாலாயிரம் கூட இருக்கே" என்று யாராவது எழுந்து கேட்பார். பொருளாளர் சிட்டையை எடுத்து நீட்டுவார். இதில் ஒரு வசதி, மேளம் அடித்ததை ஊரே கேட்டிருக்கிறது. கண் முகாமுக்குப் பணம் கொடுத்தாலும் கட்டுப் பிரித்த பாட்டியைப் போய்ப் பார்த்துவிடலாம். ஆராய்ச்சி அமைப்பில் அப்படிப் பார்க்க எதுவும் கிடையாது. இருபது வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம் என்கிற ஆபத்தைப் பற்றிச் சிலர் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அது வராமலே போனால் அவர்களால்தான் வரவில்லையா என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் அன்னதானம் போடுகிறவர்களிடம் கேட்பதைவிட இவர்களிடம் கூடுதலாகவே கணக்குக் கேட்க வேண்டும். இந்த வேலை தேவை என்று நானும் நம்புகிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

அமெரிக்க அமைப்பு என்றால் பார்ப்பது சுலபம். அங்கே தொண்டு நிறுவனங்கள் வருமான வரித் துறைக்குப் படிவம் 990 கொடுக்க வேண்டும். கடைசி மூன்று வருடத்துப் படிவங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம். புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எல்லோரும் நேரே சம்பளப் பட்டியலுக்குப் போவார்கள். நான் ஆறாம் பகுதியின் ஐந்தாம் கேள்வியைப் பார்க்கச் சொல்வேன். அமைப்பின் சொத்து பெரிய அளவில் முறைகேடாகக் கைமாறிப் போனது இந்த வருடம் தெரியவந்ததா என்று அதில் கேட்கிறார்கள்.

இன்று மிரி என்று அழைக்கப்படும் அமைப்பு 2000-ல் சிங்குலாரிட்டி இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் தொடங்கியது. இந்தத் துறையில் மூத்த அமைப்புகளில் ஒன்று. 2009-ல் அதன் பணத்தில் சுமார் 1,18,000 டாலர் திருட்டுப் போனது. அந்த வருடத்துப் படிவத்தில் அது பதிவாகியிருக்கிறது. எந்தத் தொண்டு அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று ஆராய்ந்து சொல்லும் கிவ்வெல் அமைப்பைச் சேர்ந்த ஹோல்டன் கர்னோவ்ஸ்கி, 2012-ல் மிரியைத் தான் ஏன் பரிந்துரைக்கவில்லை என்று நீளமாக எழுதியபோது இந்தத் திருட்டையும் குறிப்பிட்டார். தம்பி மகன் இதைப் படித்துவிட்டுப் பயந்துபோனான். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. நான் கணக்குப் பார்த்த ஒரு டிரஸ்டில் பொருளாளர் எடுத்த பணத்தை மூன்று வருடம் 'முன்பணம்' என்றே பேரேட்டில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். கொடுத்தவர் ஒருவருக்கும் கடைசிவரை தெரியாது. எந்த அமைப்பிலும் திருட்டு நடக்கலாம். அதை எழுதி வைத்தார்களா, அப்புறம் காசோலையில் யார் யார் கையெழுத்து என்பதை மாற்றினார்களா என்றுதான் நான் பார்ப்பேன்.

இந்தத் துறைக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. சில ஆராய்ச்சிகள் வெளியே போனாலே ஆபத்து என்பார்கள். மிரியே 2018-ல், இனி புதிய ஆய்வுகளைப் பெரும்பாலும் வெளியிடப்போவதில்லை என்று அறிவித்தது. 2020-ல், அந்த வழி எதிர்பார்த்தபடி பலன் தரவில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். அப்படி எழுதியதை நான் மதிக்கிறேன். ஆய்வைப் பூட்டி வைக்கட்டும், காரணம் இருக்கலாம். ஆனால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் சொந்தக் கம்பெனிக்கு ஏதாவது போகிறதா என்பதில் எந்த ரகசியமும் கிடையாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் விடாதீர்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ கம்பெனி திவாலானபோது, அதன் நன்கொடையை நம்பியிருந்த ஆராய்ச்சி அமைப்புகள் தவித்துப்போயின. ஏற்கெனவே வாங்கிய பணத்தையும் திவால் நிர்வாகத்தினர் திருப்பிக் கேட்டு வந்தார்கள். ஒரே ஒரு பெரிய கையிலிருந்து முக்கால்வாசி வருமானம் வருகிறது என்றால் நான் யோசிப்பேன்.

நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் நல்ல அமைப்பு என்று நம்மூரில் ஒரு எண்ணம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு அது பொருந்தாது, அங்கே சம்பளம்தான் வேலையே. வெளிநாட்டுப் பணம் வாங்கும் இந்திய அமைப்புகளுக்கான வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம்தான் வரம்பு. அதன் விதிகளிலும்கூட, ஆராய்ச்சி அமைப்பில் களத் தகவல் திரட்டி அலசுகிறவர்களின் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது.

இந்திய டிரஸ்டாக இருந்தால் 80ஜி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் வரிச் சலுகைக்கு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகையும் கிடையாது. வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுப்பதற்கு 80ஜி பொருந்தவே பொருந்தாது. தணிக்கை அறிக்கையை இணைப்போடு சேர்த்துக் கேளுங்கள். அறங்காவலர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் போன பணம் அந்த இணைப்பில்தான் இருக்கும். பலர் முதல் பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள்.

தம்பி மகன் கடைசியில் இரண்டு அமைப்புகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினான். கையிருப்பு எவ்வளவு, போன வருடம் செய்ய நினைத்து முடியாமல் போனது எது, குழுவினருக்கு ஏதாவது பணம் போனதா என்று மூன்றே கேள்வி. ஒன்றிலிருந்து வண்ணப் படங்களோடு ஒரு சிற்றேடு வந்தது. இன்னொன்றிலிருந்து நான்காம் நாள் ஒரு பெண்மணி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார், கைவிட்ட ஒரு திட்டத்துக்கு ஆன செலவு உட்பட. ஒரு வருடத்துக்கு மட்டும் அவர்களுக்கு அனுப்பு, அடுத்த 990 வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.