இதய ஓட்டையும் மூச்சுல இழுக்குற கதிரியக்க வாயுவும்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், மூச்சு நுரையீரலுக்குத்தானே போகுது, அதை வச்சு இதயத்துல ஓட்டைன்னு எப்படி கண்டுபிடிப்பாங்க?

பதில்: சரியான இடத்துல கேட்டீங்க. ஆக்சிஜன்-15ங்கிற கதிரியக்க ஆக்சிஜனை ஏத்தின கார்பன் டை ஆக்சைடை ஒரே இழுப்பு இழுத்துட்டு மூச்சைப் பிடிச்சுக்கணும். ரத்தத்துல கலந்ததுமே கார்பானிக் அன்ஹைட்ரேஸ்னு ஒரு என்சைம் அந்தக் கதிரியக்க ஆக்சிஜனைத் தண்ணிக்கு மாத்திவிட்டுடும், அது ரத்தத்தோடவே இடது பக்க இதயத்துக்குப் போயிடும். நுரையீரலுக்கு நேரா வெளிய கதிர்வீச்சை அளக்குற டிடெக்டர் இருக்கும், கிராஃப் சட்டுனு ஏறி சில வினாடியில மளமளன்னு இறங்கணும். மேலறைங்க நடுவுல ஓட்டை இருந்தா இடது பக்க ரத்தத்துல ஒரு பங்கு வலது பக்கம் தாவி மறுபடி நுரையீரலுக்கே வந்துடும், கிராஃப் இறங்காம இழுத்துக்கிட்டே கிடக்கும். நடுவுல மூச்சை விட்டீங்கன்னா மொத்தமும் வீண்.

கேள்வி: கதிர்வீச்சு உடம்புலயே தங்கிடுமா? பயமா இருக்கு.

பதில்: அரை ஆயுளே, அதாவது பாதியா குறையுற நேரமே, 2 நிமிஷம்தான்மா. 20 நிமிஷத்துல சுமாரா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும். கர்ப்பமா இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடணும்.

கேள்வி: அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய்ல அடைப்பு, ஆஞ்சியோவுக்குப் பதிலா இதை எடுக்கலாமா?

பதில்: கூடாது. அடைப்பு வேற, ஓட்டை வேற.

கேள்வி: எக்கோ (இதயத்தோட அல்ட்ராசவுண்ட்) வந்தப்புறம் செத்துப்போன டெஸ்ட் சார் இது, எதுக்கு இவ்ளோ பில்டப்?

பதில்: பாதி ஒத்துக்குறேன். 2 நிமிஷத்துல பாதி காலியாகுற வாயுவுக்கு, அதைத் தயாரிக்கிற சைக்ளோட்ரான் மெஷின் பக்கத்துலயே இருக்கணும், அதான் பரவல. ஓட்டை எங்கன்னு எக்கோல ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டுற கலர் டாப்ளர் படமாவே காட்டிடுது. ஆனா கதீட்டர் (ரத்தக்குழாய் வழியா விடுற மெல்லிய குழாய்) விடாம, ஓட்டை வழியா ரத்தம் தாவுற ஷண்டைப் பிடிக்க வழி தேடுன 1960கள்ல இது பெரிய விஷயம், லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரில சைக்ளோட்ரான் இருந்ததால அங்க செஞ்சாங்க. சாகவும் இல்ல, அதே ஆக்சிஜன்-15 தான் இன்னைக்கு பெட் (PET) ஸ்கேன்ல, அதாவது உடம்புக்குள்ள இருக்குற கதிரியக்கத்தைப் படமாக்குற ஸ்கேன்ல, இதயத் தசைக்கு ஓடுற ரத்தத்தை அளக்குது.

கேள்வி: அது ஊசில போடுற தண்ணி சார், வாயு இல்ல!

பதில்: கார்பன் டை ஆக்சைடை மூச்சுல கொடுத்தும் பெட்ல தசை ரத்த ஓட்டம் அளந்திருக்காங்க தம்பி. அதே ஆக்சிஜன்-15 ஏத்தின கார்பன் மோனாக்சைடைத் துளியூண்டு இழுக்க வச்சா ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கும், அறைக்குள்ள ரத்தம் எது, தசை எதுன்னு பிரிச்சுக்கலாம். படிச்சுட்டு சண்டைக்கு வாங்க.

கேள்வி: ரத்தம் ஓட்டை வழியா வலது பக்கத்துலருந்து இடது பக்கம் போனா?

பதில்: அப்போ உல்டா. ரத்தத்துல அவ்வளவா கரையாத கதிரியக்க வாயுவை, கிரிப்டான் மாதிரி, சலைன்ல கலந்து நரம்புல போடுவாங்க. நுரையீரல் அதை வெளியே தள்ளிடணும், தமனி ரத்தத்துல எட்டிப் பார்த்துச்சுன்னா ஓட்டை வழியா குறுக்கால போயிருக்குன்னு அர்த்தம்.

கேள்வி: ஆஞ்சியோவுக்குப் பதிலா...

பதில்: மேல பாருங்க. அடைப்பு வேற, ஓட்டை வேற!

கேள்வி: எக்கோல சின்ன ஓட்டைன்னு வந்திருக்கு, ரிப்போர்ட் போடட்டுமா?

பதில்: வேணாம், பாக்க மாட்டேன். கார்டியாலஜிஸ்ட்கிட்ட போய், நுரையீரலுக்குப் போற ரத்தம் உடம்புக்குப் போறதை விட ஒன்றரை மடங்கு தாண்டுதான்னு கேளுங்க.