ஜூலை மழையில் சிவனொளிபாத மலை ஏறலாமா?

கேள்வி: திருச்சியிலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் குடும்பத்தோடு இலங்கைக்கு வருகிறோம். நான், கணவர், 14 வயது மகன், 63 வயது மாமியார். சிவனொளிபாத மலை ஏறிச் சூரிய உதயம் பார்க்க ஆசை. அது மழைக்காலமாமே? இரவு 2 மணிக்கு ஏறத் தொடங்கினால் சரியாக இருக்குமா? என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பதில்: ஏறலாம். ஆனால் இரவில் வேண்டாம். சூரிய உதயத்தையும் மறந்துவிடுங்கள்.

இரவு 2 மணி என்பது யாத்திரைக் காலத்துக் கணக்கு. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலையடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை விளக்கு எரியும், வழிநெடுக தேநீர்க் கடைகள் இருக்கும், முன்னும் பின்னும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். வெசாக் முடிந்தால் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று நேராக இந்த மலைத்தொடரில் வந்து மோதும். உச்சி பெரும்பாலும் மேகத்துக்குள்தான். தெரியாத சூரியனுக்காக நனைந்த படிகளில் இருட்டில் ஏறுவானேன்?

பகலில் ஏறுங்கள். காலை 6 மணிக்கு, வெளிச்சம் வந்த பிறகு கிளம்பினால் போதும். நல்லதண்ணிப் பாதையில் ஏறக்குறைய 5,500 படிகள். சாதாரண உடல்நிலை உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். மழையில் இன்னும் கொஞ்சம் கூடும். 11 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். உச்சி கண்ணெதிரே இருந்தாலும் சரி. இதை மகனிடம் கீழேயே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிடுங்கள், மேலே போய்ப் பேரம் பேச முடியாது. இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை நீளமானது, காட்டு வழி, மழையும் அதிகம். அது இந்த மாதத்தில் உங்களுக்கு வேண்டாம்.

நனைவதை நினைத்துப் பயப்படாதீர்கள், நனையத்தான் போகிறீர்கள். பயப்பட வேண்டியது ஈரத்தோடு சேரும் காற்றுக்கு. உச்சி 2,243 மீட்டர். நல்லதண்ணியிலிருந்து கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏறுகிறீர்கள், அதிலேயே ஆறு டிகிரி போல வெப்பம் குறைந்துவிடும். ஏறும்போது உடம்பு சூடாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. நின்றதும்தான் ஆரம்பிக்கும். பருத்தித் துணி தண்ணீரைக் குடித்து உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டு வீரர்கள் போடும் பாலியெஸ்டர் சட்டை, கால்சட்டை நல்லது. ஆளுக்கு ஒரு செட் உலர்ந்த சட்டையும் கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேல்சட்டையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். எங்கே உட்கார்ந்து இளைப்பாறினாலும், முதல் வேலை சட்டை மாற்றுவது.

யாருக்காவது நடுக்கம் நிற்காமல் இருந்தால், பேச்சு குழறினால், கால் தடுமாறினால், அல்லது வாயாடுகிற பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், உடல் சூடு குறைகிறது என்று அர்த்தம். ஈரத்தைக் கழற்றி உலர்ந்ததைப் போர்த்தி, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, இறங்கத் தொடங்குங்கள். ஒரு ஃபிளாஸ்க் தேநீர் இதற்காகவே. குளிருக்கு ஒரு மடக்கு பிராந்தி என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது உடம்புச் சூட்டை இன்னும் வேகமாக வெளியே தள்ளும்.

மழைக்கோட்டுக்கு வருவோம். குடையை மேல்பகுதிக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். போர்வை மாதிரித் தொங்கும் பான்ச்சோவும் எனக்குப் பிடிப்பதில்லை, காற்றில் எழும்பி முகத்தில் அடிக்கும். இறங்கும்போது நம் காலையே நமக்கு மறைத்துவிடும். டூவீலர் ஓட்டுகிறவர்கள் போடும் சட்டை, பேன்ட் என்று இரண்டு துண்டாக வரும் மழைக்கோட்டு போதும்.

விழுபவர்கள் அதிகம் விழுவது இறங்கும்போதுதான். படிகள் ஒரே உயரமில்லை, பாசி வேறு. அடிப்பாகம் தேயாத ரப்பர் ஷூ வேண்டும். இந்தப் பயணத்துக்கென்று வாங்கிய புது ஷூவோடு வராதீர்கள். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கை படியோரக் கைப்பிடிக் கம்பியில், மறு கையில் ஒரு தடியோடு இறங்கினால் முட்டி தப்பிக்கும். இடி கேட்டால் மட்டும் அந்தக் கம்பியைத் தொடாதீர்கள்.

அட்டை கடிக்கும். பெரிய விஷயமில்லை. நீளமான சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகி, மேலே சோப்பைத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பிய்த்து இழுக்காமல் நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பி எடுங்கள்.

முதல் நாளே வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கையையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களின் பெயர் இருந்தால் ஏற வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலில் மலையகத்தின் சரிவுகள் எப்படி இறங்கின என்பதைப் பார்த்தவர்கள் இதில் விளையாட மாட்டார்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும், படிகளில் ஓடும் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானாலோ மேலிருந்து சிறு கற்கள் உருண்டு வந்தாலோ திரும்புங்கள். தங்குமிடத்தில் கிளம்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் மூலமே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆம்புலன்ஸுக்கு 1990. பகலில் ஏறினாலும் ஆளுக்கொரு நெற்றி விளக்கு இருக்கட்டும்.

மாமியாரை இந்த முறை ஏற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். முதுமையால் அல்ல, அவரைவிட வயதானவர்கள் யாத்திரைக் காலத்தில் கடைக்குக் கடை உட்கார்ந்து ஏறிவிடுகிறார்கள். ஜூலையில் அப்படி உட்காரக் கடை இல்லை, மேலே வழிபாடும் நடக்காது. அவருக்குப் பாத தரிசனம்தான் முக்கியம் என்றால் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் இன்னொரு முறை அழைத்து வாருங்கள். நீங்கள் மூவரும் ஏறுவதற்கு, நல்லதண்ணியில் ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு அறை போடுங்கள். முதல் நாள் கொட்டித் தீர்த்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.