வரப்பை நகர்த்தியவன் விருந்துக்குக் கூப்பிட்டால்

போன இதழில் அமெரிக்காவின் கறுப்பு–வெள்ளை விவகாரம் பற்றி நாலு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: ஒபாமாவே எட்டு வருடம் ஜனாதிபதியாக இருந்துவிட்டார். அடிமை முறை ஒழிந்து 150 வருடத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவில் இன்னும் எதற்கு இன நல்லிணக்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்? பழசை விட்டுத் தொலைக்கக் கூடாதா? (வாசகர், சேலம்)

பதில்: பழசு என்றால் எவ்வளவு பழசு? நீங்கள் 1865-ஐ மனதில் வைத்துக் கேட்கிறீர்கள், நான் 1934-ஐச் சொல்கிறேன். வீட்டுக் கடன் திரும்பாவிட்டால் நான் பொறுப்பு என்று வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுக்க அமெரிக்க அரசு ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்திய வருடம் அது. வங்கிக்குப் பயம் போயிற்று, முன்பணம் குறைந்தது, தவணை நீண்டது, ஆலைத் தொழிலாளிகூடச் சொந்த வீட்டுக்குக் குடிபோனார். வெள்ளையராக இருந்தால். கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதி என்றால் உத்தரவாதம் கிடையாது. அதே பத்தாண்டில் இன்னொரு அரசு நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடத்தை எடுத்துப் பேட்டை பேட்டையாகப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் தீட்டியது. சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து. யாருடைய பேட்டைகளுக்குச் சிவப்பு விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-ல்தான் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில்.

நடுவில் போனது 34 வருடம். அந்த நேரத்தில் வீடு வாங்கியவர் அதன் மதிப்பு ஏற ஏற, அதை அடகு வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார், பேரன் வீடு வாங்க முன்பணம் கொடுத்தார். வாங்க விடாமல் தடுக்கப்பட்டவர் வாடகை கட்டினார், பேரனுக்குக் கொடுக்க அவரிடம் என்ன இருந்தது? 2022-ல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், நடுமட்டத்தில் இருக்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். இது அடிமைக் காலத்துக் கணக்கில்லை.

பள்ளிக்கூடமும் இதில் மாட்டிக்கொள்கிறது. அங்கே அரசுப் பள்ளியின் செலவில் கணிசமான பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது, ஆகவே வீட்டு விலை குறைந்த பேட்டையில் பள்ளிக்கும் பணம் குறைவாகவே திரளும், மாநில அரசு எவ்வளவு ஈடுகட்டுகிறதோ அவ்வளவுதான். டெட்ராய்ட்டில் புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்துக் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளைக் கலந்து படிக்கவைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது 1974-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அதைத் தடுத்துவிட்டது.

ஒபாமாவா? ஒரு வீட்டுப் பிள்ளை கலெக்டர் ஆகிவிட்டதால் தெருவுக்கே பட்டா கிடைத்துவிடுமா, சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு தடவை மனசார மன்னிப்புக் கேட்டால் பிரச்சினை தீராதா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: கேட்டாயிற்று அம்மா. அடிமை முறைக்காக 2008-ல் பிரதிநிதிகள் சபையும் 2009-ல் செனட்டும் தனித்தனியாகத் தீர்மானம் போட்டன. ஆனால் செனட் தீர்மானத்தின் கடைசியில், இதைக் காட்டி அமெரிக்க அரசிடம் யாரும் எதுவும் கோர முடியாது என்ற பொருளில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரே வாசகத்துக்கு இரண்டு சபையும் ஒத்துவரவும் இல்லை.

மன்னிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். 2015 ஜூனில் தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பினத்தவர் தேவாலயத்தில் பைபிள் படித்துக்கொண்டிருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில், ஜாமீன் விசாரணையில், செத்தவர்களின் உறவினர்கள் சிலர் உன்னை மன்னிக்கிறேன் என்றார்கள். பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். அப்புறம்தான் தோன்றியது, இவர்கள் மன்னிக்க இரண்டு நாள் போதுமாக இருந்தது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் கொடியை அந்த மாநிலச் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறக்க இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. நல்லிணக்கம் என்று அங்கே பேசுகிற பலர் கேட்பது இதைத்தான்: வரப்பை நகர்த்தியவன், நகர்த்திய வரப்பை அங்கேயே விட்டுவிட்டு, வாப்பா சேர்ந்து சாப்பிடலாம் என்கிறான். வராவிட்டால் பகையை வளர்க்கிறான் என்று பழி வேறு.

கேள்வி: நஷ்டஈடு என்கிறார்களே, செத்துப்போனவர்கள் செய்ததற்கு இப்போது இருப்பவர்கள் பணம் கட்டுவது என்ன நியாயம்? நடக்கிற காரியமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நடந்த காரியம்தான், ஆள் மாறி நடந்தது. 1862-ல் வாஷிங்டன் நகரில் அடிமைகளை விடுவித்தபோது அரசு நஷ்டஈடு கொடுத்தது, ஒரு தலைக்கு 300 டாலர் வரை, அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு! விடுதலையானவர்களுக்கு 100 டாலர் வரை உண்டு, நாட்டை விட்டே போவதாக இருந்தால். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தெற்குக் கடற்கரையில் விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி உத்தரவு போட்டார், சுமார் 40,000 பேர் போய் உழ ஆரம்பித்தார்கள். லிங்கன் செத்தபின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வருடமே பெரும்பாலான நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பினார்.

செத்தவர்கள் கடன் என்கிறீர்கள். மனிதர்கள் சாவார்கள், அரசாங்கம் சாகாது. அடிமை முறையை ஒட்டி 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு சிப்பாயின் மகளுக்கு 2020 வரை மாதாமாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் முகாமில் அடைத்த ஜப்பானிய அமெரிக்கர்களில் உயிரோடிருந்தவர்களுக்கு 1988 சட்டப்படி தலா 20,000 டாலரும் மன்னிப்பும் கிடைத்தன, கையெழுத்திட்டவர் ரீகன். மனமிருந்தால் வழி தெரியும் என்பதற்குச் சொல்கிறேன். அதே சமயம், கறுப்பினத்தவருக்கான இழப்பீட்டை ஆராய ஒரு குழு மட்டும் போடுங்கள் என்று 1989-ல் கொண்டுவரப்பட்ட மசோதா, மறுபடி மறுபடி கொண்டுவந்தும், சபையின் முழு ஓட்டெடுப்புக்கே வரவில்லை. 1921-ல் டல்சா நகரில் ஒரு வெள்ளைக் கும்பல் எரித்த கிரீன்வுட் பேட்டையில் பிழைத்தவர்கள் போட்ட வழக்கை 2024-ல் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது மிஞ்சியிருந்த இரண்டு பேருக்கும் வயது நூறைத் தாண்டியிருந்தது.

என் கட்சி எவன்ஸ்டன் பக்கம். இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன நகரம். 1919-க்கும் 1969-க்கும் இடையில் அங்கே வசித்த கறுப்பினத்தவருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும், வீடு வாங்கவோ பழுது பார்க்கவோ தலா 25,000 டாலர் தர 2021-ல் முடிவெடுத்தார்கள், கஞ்சா விற்பனை வரியிலிருந்து. (கஞ்சாவால் ஊருக்கு வந்த நன்மை!) வழக்கும் போட்டிருக்கிறார்கள், தொகையும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் எதில் கெடுத்தார்களோ அதிலேயே சரிசெய்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது. வரைபடத்தில் சிவப்பு அடித்தது மத்திய அரசு, ஆகவே பில் அங்கேதான் போக வேண்டும்.

கேள்வி: நீக்ரோ என்று எழுதலாமா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: கிங் 1963 பேச்சில் அவரே சொன்ன சொல்தான். இப்போது அவமதிப்பு. கறுப்பினத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர், இரண்டில் எதையாவது எழுதுங்கள்.

கேள்வி: என் மகன் டெக்சாஸில் இருக்கிறான். “நம்ம யாரையும் அடிமையா வச்சுக்கலையே, இது அவங்க பிரச்சினை” என்கிறான். சரிதானே? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பாதி சரி. அவர் யாரையும் அடிமையாக வைக்கவில்லை. ஆனால் 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 1946-ல் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள், வருடத்துக்கு நூறு இந்தியர். நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் போக வழிவிட்டது 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர் அடிபட்டு, சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து நடத்திய போராட்டம் உண்டாக்கிய காற்றில் நிறைவேறியது அது. மகனிடம் இதைப் பாடமாக எடுக்காதீர்கள், ஃபோனை வைத்துவிடுவார். அவர் குடியிருக்கும் புறநகரில் குறைந்த வாடகை அடுக்குமாடி வரக் கூடாது, பள்ளியின் தரம் போய்விடும், வீட்டு விலை இறங்கிவிடும் என்று கூட்டம் போடும்போது எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று மட்டும் சும்மா கேட்டுப் பாருங்கள்.