67,000 ரூபா விலைக்கழிவு: எந்த விலையிலிருந்து?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என் மகளுக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. கிளிநொச்சியில் தங்கிப் படிக்கவிருக்கும் அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்க வேண்டும். யாழ் நகரக் கடையொன்றில் 265,000 ரூபா எனக் குறித்திருந்த கணினியை விலைக்கழிவில் 198,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். இன்டெல் கோர் ஐ5-1135ஜி7, 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 15.6 அங்குலத் திரை, இரண்டு வருட உத்தரவாதம் என்று எழுதித் தந்தார்கள். வேறொரு கடையில் ஐ5-1235யூ, இரண்டு 8 ஜிபி துண்டுகளாக 16 ஜிபி ராம், மற்றவை அதேபோல, 224,000 ரூபா, கழிவு எதுவுமில்லை. உறவினர் ஒருவரோ வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த ஐ7-7500யூ கணினி 115,000 ரூபாவுக்கு இருக்கிறது, ஐ5ஐ விட ஐ7 மேலானது என்கிறார். எதை வாங்குவது?
– ஒரு தந்தை, சுன்னாகம்

பதில்: மகளுக்கு எமது வாழ்த்துகள். நான்கு வருடப் படிப்பு முழுவதற்கும் ஒரே கணினியை வாங்குகிறீர்கள் என்பதை மனத்தில் வைத்தே மூன்றையும் எடைபோட்டிருக்கிறேன்.

67,000 ரூபா கழிவு என்பது குறித்த விலையில் நான்கில் ஒரு பங்கு. எவரையும் இழுக்கும் தொகைதான். ஆனால், அந்த 265,000 எந்தக் காலத்து விலை என்று முதலில் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்து, 2024இல் 300 ரூபா அளவுக்கு இறங்கியது. டொலர் உச்சத்தில் நின்ற நாட்களில் இறக்கிய பொருளின் விலைச்சீட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டால், கழிவின் ஒரு பகுதி டொலர் இறங்கியதனாலேயே வந்திருக்கும். இதனால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பழைய இருப்பை விற்றுத் தீர்ப்பது வியாபாரத்தில் வழமையானதே. வாங்குபவர் மட்டும் பழைய விலையை மறந்துவிட்டு, 198,000 ரூபாவுக்கு இன்று வேறென்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். அந்தத் தொகையில் 18 வீத வற் வரி அடங்குகிறதா என்பதையும், வங்கி அட்டையில் தவணையாகக் கட்டினாலும் அதே விலைதானா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

கணினியின் மூளையான செயலியின் பெயரில் ஐ5, ஐ7 என்பதைக் காட்டிலும் அதன் பின்னால் வரும் எண்ணே முக்கியமானது. இந்த மூன்று செயலிகளிலும் அந்த எண்ணின் தொடக்கம் தலைமுறையைக் குறிக்கிறது: 1135 என்பது 11ஆம் தலைமுறை, 1235 என்பது 12ஆம் தலைமுறை, 7500 என்பது 7ஆம் தலைமுறை. உறவினர் சொல்லும் ஐ7-7500யூ 2016இல் வந்தது. அதில் கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள், இரண்டு மட்டுமே உள்ளன. 2020இல் வந்த ஐ5-1135ஜி7இல் நான்கு கோர்களும், 2022இல் வந்த ஐ5-1235யூவில் வேகமானவை இரண்டு, சிக்கனமானவை எட்டு என மொத்தம் பத்துக் கோர்களும் உள்ளன. ஆகவே இங்கே ஐ7 என்ற பெயருக்காகக் காசு கொடுப்பதில் பயனில்லை. தவிர, விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொண்ட செயலிகளின் பட்டியலில் 7500யூ இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்துவிட்டது. அந்தக் கணினியில் விண்டோஸ் 11ஐ எப்படியாவது ஏற்றித் தரலாம் என்று யாரும் சொன்னாலும், தொடர்ந்து இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசொஃப்ட் தரவில்லை.

பாவித்த கணினிகளில் பற்றரியையும் பார்க்க வேண்டும். விண்டோசிலேயே பற்றரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. தொழிற்சாலையில் இருந்து வந்தபோது எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கியது, இப்போது முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தாங்குகிறது என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும். முதலாவது 42,000 என்றும் இரண்டாவது 23,000 என்றும் இருந்தால், பற்றரியில் பாதிக்குச் சற்று மேலேதான் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். விரிவுரை மண்டபத்தில் எப்போதும் மின்செருகிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காது. கட்டுரை எழுதவும் இணையத்தில் படிக்கவும் மட்டும் என்றால் இந்தக் கணினியைப் பற்றி யோசித்துப் பார்த்திருக்கலாம். பொறியியல் மாணவிக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி இரண்டு புதிய கணினிகள். இவற்றுக்கிடையே உங்கள் தீர்மானத்தை மாற்றவேண்டியது ராம் எனப்படும் நினைவகமே. பொறியியல் வரைபட மென்பொருள்களில், ஓட்டோகாட்டுக்கு 8 ஜிபி அடிப்படைத் தேவை. சொலிட்வேர்க்ஸ் 16 ஜிபி கேட்கிறது. விண்டோசும் உலாவியும் சூம் வகுப்பும் திறந்திருக்கும்போது 8 ஜிபியில் இவற்றுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பமே. எனவே 198,000 ரூபாக் கணினி இப்படியே போதாது. அதற்கு இன்னொரு 8 ஜிபி போடும் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

போட இடமிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சில கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டு, இன்னொரு துண்டைச் செருகும் ஸ்லொட் இல்லாமலே வருகிறது. அப்படியானால் நான்கு வருடமும் அதே 8 ஜிபிதான். கடையில் கணினியை இயக்கி, விண்டோசிலுள்ள டாஸ்க் மனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால், மொத்தம் எத்தனை ஸ்லொட், அவற்றில் எத்தனை பயன்படுகின்றன என்று ஒரு வரி காணப்படும். அந்த வரி சில வேளைகளில் தவறாகவும் காட்டும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டிலும் பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். டாஸ்க் மனேஜரிலேயே, திரையில் படங்களை வரைந்து காட்டும் சில்லின் (சிப்) பெயரையும் பாருங்கள். 1135ஜி7இல் உள்ளது ஐரிஸ் எக்ஸ்ஈ என்ற நல்ல சில்லு. ஆனால் நினைவகம் ஒரே துண்டாக இருக்கும்போது அது வேகம் குறைந்து, யூஎச்டி என்ற சாதாரணப் பெயரோடு தோன்றும். இரண்டாவது துண்டைப் போட்டதும் ஐரிஸ் எக்ஸ்ஈ என்று மாறிவிடும். முப்பரிமாண வரைபடங்களைத் திருப்பிப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை உங்கள் மகள் கையிலேயே உணர்வார். 224,000 ரூபாக் கணினியில் இரண்டு துண்டுகள் ஏற்கெனவே இருப்பது, வெறும் 16 ஜிபி என்ற எண்ணைவிட மதிப்புள்ள விடயம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி இரண்டிலும் 512 ஜிபி, போதும். திரை 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டதா என்று கேளுங்கள், பின்னர் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்துப்போனால் நீண்ட நேரம் வரைவதற்கு அது உகந்ததல்ல.

இரண்டு வருட உத்தரவாதம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பற்றரிக்கும் சார்ஜருக்கும் தனியாகக் குறுகிய காலம் வைப்பது பரவலான நடைமுறை. பழுதானால் யாழ்ப்பாணத்திலேயே திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்புவார்களா, அனுப்பும் செலவு யாருடையது, எத்தனை நாட்களில் திரும்பும் என்பவற்றைக் கேட்டு, பதில்களை உத்தரவாத அட்டையில் எழுதுவியுங்கள். பரீட்சைக் காலத்தில் கணினி கொழும்பில் மூன்று வாரம் கிடந்தால், மிச்சம்பிடித்த காசால் மாணவிக்கு என்ன பயன்?

என் தெரிவு 224,000 ரூபாக் கணினியே. 26,000 ரூபா வித்தியாசத்தை நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 550 ரூபாவுக்கும் குறைவு. அதற்கு ஒரு தலைமுறை புதிய செயலியும் இருமடங்கு நினைவகமும் கிடைக்கின்றன. எனினும், முதற் கடைக்காரர் தமது கணினியில் ஸ்லொட் இருப்பதைக் காட்டி, இன்னொரு 8 ஜிபியைத் தாமே போட்டு, உத்தரவாதம் குறையாமல் 205,000 ரூபாவுக்குள் தர உடன்பட்டால் அதையும் தயங்காமல் வாங்கலாம்; மகளின் படிப்புக்கு அதுவும் ஈடுகொடுக்கும். அதற்கு மேல் கேட்டால் மற்றக் கடைக்குப் போங்கள்.

எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டில் மடிக்கணினி என்று மட்டும் எழுத விடாமல், மாதிரியின் முழுப் பெயரையும், அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தையும், ராமின் அளவையும் எழுதுவித்துப் பெறுங்கள். வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி விற்பனையாளரின் கடமை. பின்னர் பிணக்கு எழுந்து அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்க நேர்ந்தால், அந்தச் சீட்டே உங்கள் கையிலுள்ள சான்று.